நீ சொல்லி முடி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மெஷின் மிதிக்கும்போது வலித்தால் எழுந்து நட. பல்லைக் கடித்துக்கொண்டு தைக்காதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். காரணம் நீதான். நான் போனில் 'அக்கா, எனக்கு' என்று ஆரம்பிப்பதற்குள் 'பசிக்குதா, குளிருதா, முதுகு வலிக்குதா' என்று நீயே மூன்று பதில் சொல்லிவிடுகிறாய். நான் சொல்ல நினைத்தது நான்காவதாக இருக்கும். என் கையும் காலும் பிறந்ததிலிருந்து என் பேச்சைக் கேட்பதில்லை, நாக்கும் அவற்றோடு கூட்டு. ஒரு வாக்கியத்தை இழுத்துப்பிடித்து முடிக்க எனக்கு நேரமாகும். உனக்கு அதுவரை பொறுமை இருந்ததில்லை. பாசத்தில்தான் செய்கிறாய், தெரியும். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. கணினியில் ஒற்றை விரலால் தட்டினாலும் முற்றுப்புள்ளி நான் வைப்பது.

வீடு தரைத்தளத்தில். ஓர் அறை, ஒரு சமையலறை, சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்பும் குளியலறை. சுவிட்சுகள் எல்லாம் என் தோள் உயரத்தில் இருக்கின்றன. முதல் நாள் வேறு வேலையே பார்க்கவில்லை, விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தேன். காலையும் மாலையும், என்னைப் போன்றவர்கள் தனியாக வாழ வீடு தரும் இந்தத் திட்டத்தின் அலுவலகம் அனுப்பும் உதவியாளர் வருகிறார். முகத்தில் பாதி மீசைதான், அதனால் மீசை என்றே கூப்பிடுகிறேன். குளிப்பதற்கும் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் அவர். மற்றதெல்லாம் என் பாடு. ஆறு மாதம் ஒத்திகை. சமாளித்துக் காட்டினால் வீடு எனக்கே. இல்லையென்றால் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்கு. அதுவரை வந்து எட்டிப் பார்க்க மாட்டேன் என்று நீ சொன்னதை மறந்துவிடாதே.

ஒரு வேண்டுகோள். பொத்தான் இல்லாத சட்டை தைத்து அனுப்பு. அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் பிரியும் வெல்க்ரோ பட்டை வைத்து.

தைலம் தேய்க்க மறக்காதே.

உன் தம்பி


ஜனவரி 23

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று எழுதினால் போதுமா, எடை பார்த்தாயா? எனக்கு என்ன கேடு, நன்றாகத்தான் இருக்கிறேன்.

நான் குறுக்கே பேசுகிறேனாம். அம்மா போனதிலிருந்து உனக்கு என்ன வேண்டும் என்று நீ கேட்பதற்கு முன்னால் கொண்டுவந்து வைத்தவள் நான். வாயைத் திறக்கும் சிரமம்கூட உனக்கு வேண்டாம் என்றுதான். அதைப் போய்க் குற்றமாக எழுதியிருக்கிறாயே, ஒற்றை விரலுக்கு இவ்வளவு கொழுப்பா?

பொத்தான் இல்லாத சட்டை போட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த மீசைக்குப் பொத்தான் போட வராதா? அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், டீயைப் பாதிக் கோப்பைதான் ஊற்ற வேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறேன். உன்னைக் கேட்டால் 'எப்படினாலும் சரி' என்பாய்.

இங்கே ஒன்றும் விசேஷமில்லை. தைக்கும்போது நீ கூப்பிட்ட மாதிரி இருக்கிறது, எழுந்து உன் அறை வாசல்வரை போய்விடுகிறேன். பிறகு வந்து உட்கார்ந்தால் எந்தத் தையலில் விட்டேன் என்று தெரியவில்லை.

குளிரில் ஜன்னலைத் திறந்து வைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எடை பார்த்தேன், குறையவில்லை. உன் முழங்காலைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அதனால் வலி கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை மீசை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். 'இதுல பாதிக் கோப்பைன்னு இருக்கு, நீங்க முழுசா ஊத்தச் சொல்றீங்க. நான் யார் சொல்றதக் கேக்கட்டும்?' என்றார். 'குடிக்கிறது யாரு?' என்றேன். அவர் காத்திருந்து கேட்கிற மனிதர். நான் பேசி முடிக்கும்வரை மீசையைத் தடவிக்கொண்டு நிற்பார். முழுக் கோப்பையில் பாதி என் மடியில் சிந்துகிறது. ஆனால் மீதிப் பாதியைச் சூடு ஆறுவதற்குள் நானே குடிக்கிறேன். இனிமேல் அவருக்கு எழுத வேண்டியதை எனக்கு எழுது.

முட்டை பொரித்தேன். மேலே பச்சை, கீழே கரி. சாப்பிட்டேன்.

எதிர் வீட்டில் ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கிறார். என் வீட்டுச் சுவரின் அடியில், தரையை ஒட்டி ஒரு கயிறு ஓடுகிறது. விழுந்து கிடந்தாலும் கைக்கு எட்டும். இழுத்தால் அவர் வீட்டில் மணி அடிக்கும். மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நானே பாடம் எடுத்தேன். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, முதலில் ஒருக்களித்துத் திருப்ப வேண்டும், அப்புறம் அக்குளுக்கு அடியில் கை கொடுக்க வேண்டும். 'இவ்வளவு பெரிய பஸ்ஸையே திருப்பறேன், உங்களத் திருப்ப மாட்டேனா' என்கிறார். பஸ் வலிக்கிறது என்று சொல்லாது என்றேன்.

மீசைக்குப் பொத்தான் போடத் தெரியும். நான் சட்டையை எப்போது கழற்ற நினைக்கிறேனோ அப்போது அவர் இங்கே இருப்பதில்லை. அதற்குத்தான் வெல்க்ரோ.

சூடாகச் சாப்பிடு.

உன் தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

உன் சுகம் அறிந்தேன். என் முழங்கால் முழங்காலாகவே இருக்கிறது, அதை விடு.

சட்டைகள் அனுப்பியிருக்கிறேன். உள்ளே வெல்க்ரோ, மேலே பொத்தான். பொத்தான் சும்மா ஒப்புக்கு, பார்த்தால் யாருக்கும் தெரியாது. முதல் சட்டையைத் தைத்துவிட்டு நானே மேலே போட்டு, ஒரு கையால் மூடித் திறந்து பார்த்தேன். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவளுக்கு இத்தனை வருஷமாக இது தோன்றவே இல்லை பார். என் கைதான் அங்கே இருந்ததே, அப்புறம் எதற்குத் தோன்றும்?

வீட்டில் சாமான்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். அலமாரி கூடத்துக்கு வந்தது. மெஷின் ஜன்னலோரம் போனது. வெளிச்சம் கண்ணைக் கூசியது, திருப்பிப் பழைய இடத்துக்கே இழுத்தேன். அலமாரியையும் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து 'என்னக்கா, வீடு மாத்தறீங்களா?' என்று கேட்கிறாள். உன் அறையை மட்டும் தொடவில்லை. கட்டிலில் துவைத்த விரிப்புப் போட்டிருக்கிறேன்.

ஜூனோடு ஒத்திகை முடிகிறது அல்லவா? முடியவில்லை என்று தோன்றினால் வீம்பு பிடிக்காதே. யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முட்டையை மிதமான தீயில் போடு. உடம்பு முக்கியம்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

நேற்று நீ போன் செய்ததிலிருந்து நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை. நீ விழுந்துவிட்டேன் என்றதும் தையலைப் பாதியில் விட்டு எழுந்தவள்தான். தலையில் அடியா, இடுப்பிலா? வீங்கினால் ஒத்தடம் கொடுக்கச் சொல். தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நீ ஒன்றும் யோசிக்காதே. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அறையைக் கழுவித் துடைத்துவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போடவா, பழைய இடத்திலேயே இருக்கட்டுமா என்று மட்டும் எழுது.

நன்றாகத் தூங்கு, தெம்பாக இரு.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அடி ஒன்றுமில்லை. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அதுவும் காய்ந்துவிட்டது. உன் படபடப்பு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன், ஏனென்றால் இப்போது எனக்குப் படபடக்கிறது.

இன்று காலை திட்ட அலுவலகத்து மேற்பார்வையாளர் அம்மா வந்தார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'வருத்தப்படாதீங்க, எல்லாருக்கும் இது ஒத்து வராது. நீங்க வீட்டுக்கே போக ஆசைப்படறீங்கன்னு உங்க அக்கா சொல்லிட்டாங்க' என்றார். அடுத்த மாத முடிவில் வீடு வரிசையில் இருக்கும் அடுத்தவருக்குப் போகிறதாம். நான் இல்லை, இல்லை என்று கத்தினேன். பதற்றத்தில் என் வாய் இன்னும் கோணிக்கொண்டது. அவர் என் தோளைத் தட்டி, 'புரியுது, புரியுது' என்றார். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

அக்கா, நான் எப்போது உன்னிடம் அப்படிச் சொன்னேன்?

அன்று போனில் நான் சொன்னது 'அக்கா, நான் குளியலறை வாசல்ல விழுந்துட்டேன்.' அதோடு நீ ஆரம்பித்துவிட்டாய். 'பேசாத, நான் அப்பவே சொன்னேன், நான் பாத்துக்கறேன்' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மீதி வாக்கியம் என் வாயிலேயே நின்றது. அதை இப்போது எழுதுகிறேன், படி.

நான் விழுந்தேன். தவழ்ந்து போய்க் கயிற்றை இழுத்தேன். ஓட்டுநர் சோப்பு நுரையோடு பாதிச் சவரத்தில் ஓடி வந்தார். தரையில் கிடந்தபடியே நான் உத்தரவு போட்டேன், 'முதல்ல ஒருக்களிச்சு, கையை இழுக்காதீங்க, இப்போ தூக்குங்க.' அவர் தூக்கினார். நாற்காலியில் உட்கார்ந்ததும் இருவரும் சிரித்தோம், அவருடைய நுரை என் சட்டையெல்லாம். என் வாழ்க்கையில் முதல்முறையாக விழுந்து, நானே ஆள் கூப்பிட்டு, நானே வழி சொல்லி எழுந்தேன். கடிதத்துக்குக் காத்திருக்க முடியாமல்தான் போன் செய்தேன். உன்னிடம் பெருமையடிக்க அக்கா, அதற்குத்தான்.

என்ன சொன்னாய் அவர்களிடம்? எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மே 11

அக்கா,

சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை.

மீசை எனக்காக அலுவலகத்தில் பேசினார். ஜூன் முதல் வாரம் ஒரு கூட்டம் வைக்கிறார்கள், கடைசியாக ஒருமுறை என்னைக் கேட்க. அதுவரை வீட்டை யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம். எழுதிக் கொடுத்தால் யார் எழுதியது என்று தெரியாதாம், நேரில் வாயால்தான் சொல்ல வேண்டுமாம். நான் பேசுவது புரியாததால் புரிந்தவர் ஒருவர் கூட வர வேண்டுமாம். மீசை அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர், அதனால் செல்லாதாம். ஓட்டுநருக்கு என் பேச்சு பாதிதான் பிடிபடுகிறது.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்குக் கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடு. முதலில் சாப்பிடு, அப்புறம் மீதியைப் படி.

கடிதம் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். துணியை வெட்ட எடுத்து வெட்டாமல் மடித்து வைத்தேன். ஒரு வாடிக்கைக்காரிக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன், திட்டிவிட்டுப் போனாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். நீ போனை வைத்ததும், இல்லை, நான் வைத்ததும், அலுவலகத்துக்குப் போட்டேன். 'அவன் அங்க இருக்க மாட்டேங்கிறான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு அழறான்' என்றேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நீ விழுந்துட்டேன் என்றால் அடுத்து இதைத்தான் சொல்வாய் என்று நினைத்தேன். உன் வாக்கியத்தை எப்போதும் நான்தானே முடிப்பது.

உன் கடிதம் வந்தபோது எனக்கு என்ன வந்தது தெரியுமா? நீ சிரித்தாய் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த இடத்தில் எனக்குப் பொறாமை வந்தது. உன்னைத் தரையிலிருந்து தூக்கியது யாரோ ஒரு பஸ் ஓட்டுநர். நீ சமாளித்துவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும் யாருக்காக எழுந்தோம் என்று இருக்கிறது. அதைச் சொல்லத் தெரியாமல் உன் பேரில் சொல்லிவிட்டேன்.

நேற்று அலுவலகத்துக்குப் போன் செய்து, நான் சொன்னது தவறு என்றேன். அந்த மேற்பார்வையாளர் அம்மா 'அவரே வந்து சொல்லட்டும்' என்கிறார். என்னை நம்பவில்லை. எப்படி நம்புவார்?

என்னைத் திட்டி எழுது. ஆனால் சாப்பிட்டுவிட்டு எழுது.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன். நீயும் சாப்பிட்டிருக்கிறாயா?

திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் திட்டி அடித்துவிட்டு அழித்தேன். விரல் வலித்ததுதான் மிச்சம். கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு நீ வா. என் பேச்சு முழுதும் புரிகிற ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான், என் தலையெழுத்து. ஆனால் ஒரு ஒப்பந்தம். நான் சொல்வதை மட்டும் நீ சொல்ல வேண்டும். நான் எங்கே திணறி நின்றாலும், எச்சில் வழிந்தாலும், அந்த அம்மா உன் முகத்தைப் பார்த்தாலும், நான் மேசையைத் தட்டும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது. தட்டினால் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நான் சொன்னதை அப்படியே, 'நான்' என்றே சொல். 'அவன்' என்று சொல்லாதே.

முடியாது என்று தோன்றினால் வராதே. வீடு போனால் போகட்டும், இன்னொருமுறை உன் வாயால் போக வேண்டாம்.

ரயிலில் காலை நீட்டி உட்கார இடம் பார்த்துக்கொள், முழங்கால் பத்திரம்.

உன் தம்பி


ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் முழங்கால் வீங்கியது, இப்போது பரவாயில்லை. நீ கூட்டம் முடிந்து களைத்துப்போயிருந்தாய், நன்றாகத் தூங்கினாயா?

உன்னிடம் நேரில் சொல்லவில்லை. நீ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாய், என்னைப் பார்க்கவில்லை. பையில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து மடியில் வைத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன். நீ 'எங்க அக்கா வீட்டுல நான்' என்று சொல்லி நின்றுவிட்டாய். எவ்வளவு நேரம் நின்றாய். அந்த அம்மா என்னைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரும் பார்த்தார். எனக்கு நாக்கு நுனியில் பதில் தயார். 'எனக்கு ஒரு குறையும் இல்ல' என்றுதான் சொல்லப் போகிறாய் என்று சத்தியம் செய்திருப்பேன். விரல் வெளுத்துப்போகும் அளவுக்கு டேப்பை இறுக்கினேன்.

நீ சொன்னது அது இல்லை.

நீ மேசையைத் தட்டினாய். நான் அதை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. 'எங்க அக்கா வீட்டுல நான் ஒரு தடவகூட விழுந்ததில்ல. விழற அளவுக்கு என்னைத் தனியா விட்டதே இல்ல. இங்க விழுந்தேன். எப்படி எழுந்திருக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் அங்க திரும்பிப் போகல.' கடைசி வாக்கியத்தில் என் குரல் உடைந்தது, நீ கேட்டிருப்பாய். 'நான் திரும்பிப் போகல' என்று நானே, என் வீட்டைப் பற்றி. தையல் ஊசி விரலில் ஏறினால்கூட அப்படி வலித்ததில்லை.

அந்த அம்மா சந்தேகமாகக் கேட்டார், 'இது உங்க தம்பி சொன்னதா, நீங்க சொல்றதா?' 'இது அவன் சொன்னது. அன்னைக்கு போன்ல சொன்னதுதான் என்னோடது' என்றேன். அவன் என்று சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு, அந்த ஒரு இடத்தில் வேறு வழியில்லை.

முடிவு தெரிந்ததும் உடனே சொல். வேலையில் மனம் ஒட்டவில்லை, வாசலுக்கும் மெஷினுக்குமாக நடக்கிறேன். போகும்போது அந்த அம்மா உன் சட்டையைத் தொட்டுப் பார்த்து இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார், நீ கவனித்தாயா? அவரிடம் இன்னும் பலபேர் கேட்கிறார்களாம். தைத்துத் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வீக்கம் வடிந்ததா?

வீடு எனக்கே என்று நேற்று போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் இதை எழுதுகிறேன், ஒரு காரணம் இருக்கிறது.

நீ போனை எடுத்ததும் பின்னால் மெஷின் ஓசை நின்றது. 'அக்கா, வீடு' என்றேன். எனக்கு அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, 'அக்கா, இருக்கியா?' என்றேன். 'இருக்கேன், நீ சொல்லி முடி' என்றாய். அக்கா, இத்தனை வருஷத்தில் அதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. கிடைத்துவிட்டது என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமானதோ. நீ மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடித்த பிறகு 'முடிஞ்சுதா?' என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாய்.

அதற்கப்புறம் நான் ஒரு வேலை செய்தேன். 'அடுத்த மாசம் நீ' என்று ஆரம்பித்து வேண்டுமென்றே நிறுத்தினேன். திணறவில்லை, சும்மா சோதனைதான். நீ நிரப்பவில்லை. காத்துக்கொண்டே இருந்தாய். எனக்கே பாவமாகப் போய், 'எழுதறேன்' என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அடுத்த மாசம் நீ இங்கே வந்து ஒரு வாரம் தங்கு. என்னைப் பார்த்துக்கொள்ள இல்லை, விருந்தாளியாக. ஓட்டுநர் ரயிலடிக்கு வருவார், மீசைக்கு உன்னைப் பார்த்தால் கொஞ்சம் பயம், சிரித்துப் பேசு. டீ நான் போடுவேன். முழுக் கோப்பை. உன்னிடம் கொண்டுவந்து தருவதற்குள் பாதி சிந்திவிடும், எனக்கே தெரியும்.

துடைக்கிறேன் என்று எழுந்திருக்காதே. உட்கார்ந்து குடி.

உன் தம்பி